ஒரு சாண் தண்ணீர்

பதிவு நீளம்தான். நாற்பத்தைந்து நிமிஷப் பீரியடிலேயே முப்பது வருஷம் பேசிப் பழகியவள் நான், சுருக்கிப் பேச வராது. பாதியில் எழுந்து போகிறவர்கள் போகலாம், அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டேன்.

போன வாரம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றியது. நம் ஏரி ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பறவைகள் நிற்கின்றன. கறுப்பு இறக்கை, வெள்ளை வயிறு, சிவந்த நீளக் கால். அதன் மேல் எழுதியிருந்தது: "குப்பனூர் பக்கம் ஃபிளமிங்கோ! வெளிநாட்டுப் பறவையே தேடி வர்ற அளவுக்கு நம்ம ஏரி சுத்தமாயிடுச்சு!" அதற்கு ஏகப்பட்ட கைதட்டல், கும்பிடு, இதயம். முதலில் போட்டவன் என் தம்பி மகன்தான். நல்ல பையன், ஆனால் ஒரே வரியில் மூன்று தப்பு.

மறுநாளே அடுத்த படம் வந்தது. இது கம்ப்யூட்டரில் வரைந்தது. ஏரியைச் சுற்றிச் சிமெண்ட் நடைபாதை, பளபளக்கும் கைப்பிடிக் கம்பி, கலர் விளக்கு, இரண்டு வாத்துப் படகு, ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரு பெரிய சிவப்பு இதயம். "ஏரியை ஆழப்படுத்தி அழகுபடுத்தப் போறோம். குப்பனூர் வழியா ஏற்காடு போற வண்டியெல்லாம் இங்க நின்னு போட்டோ எடுத்துட்டுத்தான் போகும்." படத்தின் ஒரு மூலையில் யாரோ இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய நிஜ ஃபிளமிங்கோ.

ஏரியின் பெயரையும் திட்டம் யாருடையது என்பதையும் நான் எழுதப்போவதில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. நான் சண்டைக்கு வந்திருப்பது அந்த ஒரு வரியோடு. அந்த மூன்று தப்பையும் விட்டுவிட்டால் நாலாவது தப்பை ஜேசிபி வைத்துச் செய்வார்கள். நாலாவதை அழிரப்பர் வைத்து அழிக்க முடியாது.

முதலில் பறவையைப் பார்ப்போம்.

இதன் பெயர் நெடுங்கால் உள்ளான். பவழக்கால் உள்ளான் என்றும் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது பெயர்தான் பிடிக்கும், காலின் நிறத்தை அப்படியே சொல்லிவிடுகிறது. உடம்பு கௌதாரி அளவுதான். அலகு நுனி முதல் வால் நுனி வரை 33இலிருந்து 40 சென்டிமீட்டர். எடை 200 கிராமைத் தாண்டுவது அபூர்வம். ஊசி மாதிரி மெலிந்த நேரான கறுப்பு அலகு. ஆணுக்கு முதுகும் இறக்கையும் பச்சை மினுங்கும் கறுப்பு. பெண்ணுக்கு முதுகில் பழுப்பு ஓடும். தலையும் பின்கழுத்தும் ஒன்றுக்குச் சுத்த வெள்ளை, இன்னொன்றுக்குச் சாம்பல், வேறொன்றுக்குக் கறுப்புத் தொப்பி போட்டது போல. அதை வைத்து ஆண் பெண் பிரிக்காதீர்கள், முதுகைப் பாருங்கள். கண் சிவப்பு. பறக்கும்போது கால் இரண்டும் வாலுக்குப் பின்னால் வெகுதூரம் நீட்டிக்கொண்டு போகும், யாரோ இரண்டு சிவப்புக் குச்சியைச் செருகி அனுப்பியது மாதிரி. கழுத்தை மடக்காமல் நீட்டிப் பறக்கும். கொக்கு கழுத்தை மடித்து வைத்துக்கொண்டு பறக்கும். இந்த ஒரு வித்தியாசம் போதும், "கொக்கு" என்று சொன்னவர்களுக்கு.

"ஃபிளமிங்கோ" என்று சொன்னவர்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கணக்கு என்னுடையதல்ல, கில்பர்ட் ஒயிட் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் 1779ஆம் வருஷம் போட்டது. ஃபிரென்ஷம் என்ற ஊர்க் குளத்துக்கு இந்த உள்ளான் ஆறு வந்தன. அந்த நாட்டில் இது மிக அபூர்வம். குளத்துக் காவல்காரர் ஐந்தைச் சுட்டார். ஆவல் தீர்ந்த பிறகு ஆறாவதை விட்டுவிட்டாராம்! (அன்றைக்குத் துப்பாக்கி, இன்றைக்குச் செல்போன். ஆவல் அதே ஆவல்தான்.) சுட்ட பறவை ஒன்று ஒயிட்டின் கைக்கு வந்தது. அதை நிறுத்து, காலை அளந்து பார்த்தார். குடல் நீக்கிய உடம்பு ஏறத்தாழ 120 கிராம், காலின் நீளம் எட்டு அங்குலம். ஃபிளமிங்கோ, அதாவது பூநாரை, இதே விகிதத்தில் கால் வைத்திருந்தால் அதன் காலின் நீளம் பத்தடிக்கு மேல் போக வேண்டும் என்று எழுதினார். பூநாரை ஆள் உயரம் நிற்கிற பறவை, வளைந்த தடி மூக்கு, இளஞ்சிவப்பு உடம்பு. இது முழங்கால் உயரம்கூட வராது. உடம்பின் அளவுக்குக் காலை ஒப்பிட்டால் பறவை உலகத்தில் முதல் வரிசை. அந்தப் பெருமை போதாதா? இன்னொருவர் பெயரையும் கொடுக்க வேண்டுமா?

காலைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். பின்பக்கமாக மடிகிறதே, அது முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டினேன், எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ. இரண்டாவது, இதற்குப் பின்விரல் கிடையாது. முன்னால் மூன்று விரல் மட்டும். மரக்கிளையைப் பற்றி உட்காரும் கால் இல்லை இது. நீச்சலும் இதன் தொழில் இல்லை. நடக்க மட்டுமே ஆன கால். சேற்றிலும் தண்ணீரிலும் ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து, நீர்ப்பூச்சி, புழு, சிறு நத்தை என்று பொறுக்கித் தின்னும் வாழ்க்கை. காலின் நீளம் 17இலிருந்து 24 சென்டிமீட்டர். நம் கணக்கில் ஒரு சாண். ஒரு சாணுக்கு மேல் தண்ணீர் நின்றால் அந்த இடம் இதற்கு இல்லை. இந்த ஒரு சாணை மறக்க வேண்டாம், பிறகு வருகிறேன்.

இப்போது "வெளிநாட்டுப் பறவை".

தண்ணீரில் நிற்கிற எந்தப் பறவையைப் பார்த்தாலும் சைபீரியாவிலிருந்து வந்தது என்று எழுதும் வியாதி நம் பத்திரிகைகளுக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. கேமராவில் அழகாக விழுந்தால் வெளிநாடு, அசிங்கமாக இருந்தால் உள்ளூர். நெடுங்கால் உள்ளான் இந்தியாவிலேயே பிறந்து, இங்கேயே கூடு கட்டி, இங்கேயே குஞ்சு பொரிக்கும் பறவை. இலங்கையிலும் அப்படியே. பள்ளிக்கரணையில் நிற்கிறது, தூத்துக்குடி உப்பளத்தில் நிற்கிறது, சேலத்தைச் சுற்றியுள்ள ஏரிகளில் நிற்கிறது. காங்கிரஸ் மகாசபையைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்று சமூக அறிவியலில் படித்த ஏ. ஓ. ஹியூம், பறவை ஆராய்ச்சியிலும் பெரிய ஆள். டெல்லிப் பக்கம் சுல்தான்பூர் உப்பளங்களில் இவை கூடு கட்டுவதைப் பற்றி 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

இந்தியாவில் மட்டுமா இருக்கிறது என்றால், இல்லை. தெற்கு ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியா, இந்தியா, தென்கிழக்காசியா வரை பரந்து கிடக்கிற இனம். குளிர் அதிகமான வடக்குப் பகுதிகளில் இருப்பவை குளிர்காலத்தில் தெற்கே நகரும். அதனால் அந்த மாதங்களில் நம் பக்கம் எண்ணிக்கை கூடலாம். இங்கேயே இருப்பவையும் ஒரே ஏரியில் வருஷம் பூரா நிற்பதில்லை. ஒரு ஏரி வற்றினால் பக்கத்து ஏரிக்குப் போகும், அங்கே தண்ணீர் ஏறினால் இன்னொன்றுக்கு. பருத்தி வெடிக்கிற ஊருக்கும் கரும்பு வெட்டுகிற ஊருக்கும் வேலை தேடிப் போய்த் திரும்புகிற குடும்பத்தை நாம் வெளிநாட்டார் என்றா சொல்கிறோம்? குப்பனூருக்குப் பக்கத்திலேயே வலசையூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. பெயரிலேயே வலசையை வைத்துக்கொண்டிருக்கிற ஊருக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, வலசை எது, வாசம் எது என்று தெரியவில்லை என்றால் எப்படி?

நிஜமாகவே கடல் கடந்து மலை கடந்து வரும் விருந்தாளி வேண்டுமா? அதே வீடியோவில், உள்ளானுக்குப் பின்னால், சேற்று நிறத்தில் புள்ளி புள்ளியாக ஒரு குட்டிப் பறவை ஓடுகிறது. பொரி உள்ளான். வடக்கே ஐரோப்பா, ரஷ்யக் காடுகளின் சதுப்பில் பிறந்து, குளிர்காலத்துக்கு நம் ஏரிக்கு வருவது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. கால் சிவப்பாக இல்லையே!

"இதில் என்ன டீச்சர் போச்சு, வெளிநாடோ உள்நாடோ, பறவைதானே" என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். கண்ணு, போவது முட்டை.

விருந்தாளி என்று நினைத்தால் என்ன செய்வோம்? வந்தபோது வேடிக்கை பார்ப்போம், மார்ச்சில் போய்விட்டது என்று கணக்கு முடிப்போம். அதன் பிறகு ஏரியில் என்ன வேலை வேண்டுமானாலும் செய்யலாம், பறவைதான் இல்லையே. நம் ஏரிகளில் தூர்வாரும் வேலை எப்போது நடக்கிறது? தண்ணீர் வற்றிய கோடையில். ஏப்ரல், மே, ஜூன். நெடுங்கால் உள்ளான் முட்டையிடுவது எப்போது? ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட் வரை. எங்கே? மரத்தில் இல்லை, புதரில் இல்லை. வற்றிக்கொண்டிருக்கும் ஏரியின் ஓரத்தில், ஈரச் சேற்றில், தண்ணீருக்கு நடுவே தலைகாட்டும் சின்ன மேட்டில். கொஞ்சம் சேறு, கொஞ்சம் காய்ந்த தண்டு, அவ்வளவுதான் கூடு. சேற்று நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்ட முட்டை, பெரும்பாலும் நாலு. பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரியாது. ஜேசிபி சீட்டில் உட்கார்ந்திருக்கிற தம்பிக்கு எப்படித் தெரியும்? அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த மாதத்தில் அந்த ஓரத்தில் வண்டியை இறக்கச் சொன்ன கையெழுத்தைத்தான் கேட்க வேண்டும்.

அந்த முட்டைக்காக அது படும் பாட்டை ஒரு மே மாதம் நான் கரைமேல் குடை பிடித்து உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும், மூன்று வாரத்துக்கு மேல். நம் சேலத்து வெயிலில் அது சூடு கொடுப்பதற்கான அடை இல்லை, முட்டை வெந்துபோகாமல் நிழல் கொடுப்பதற்கானது. தண்ணீரில் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். காய்ந்ததும் எழுந்து போய் மறுபடி நனைத்துக்கொண்டு வரும். திடீரென்று தண்ணீர் ஏறினால் சேறும் தண்டும் வைத்துக் கூட்டின் உயரத்தைக் கூட்டும். நாய் வந்தால் இறக்கை ஒடிந்ததுபோல் நொண்டி நொண்டி நடித்து வேறு பக்கம் இழுத்துப் போகும். "கிக் கிக் கிக்" என்று தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும். குஞ்சு பொரிந்த அன்றே நடந்துவிடும். பறப்பதற்கு இன்னும் நாலு வாரம் ஆகும். ஆக, ஒரு கூட்டுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் அந்த ஓரம் அப்படியே இருக்க வேண்டும். இரண்டே மாதம்.

மூன்றாவது தப்பு, "ஏரி சுத்தமாயிடுச்சு". எனக்கு அதிகக் கோபம் வந்தது இதில்தான், ஏனென்றால் இதை நம்பி நாளைக்குப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் இறங்கும்.

இங்கிலாந்தில் இந்த உள்ளான் கூடு கட்டுவது அபூர்வம் என்றேன். 1945இல் அங்கே வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது தெரியுமா? நாட்டிங்ஹாம் நகரத்தின் கழிவுநீர்ப் பண்ணையை. ஊரின் சாக்கடையெல்லாம் வந்து பரவும் இடம். ஒரு சாண் தண்ணீர், மெத்தென்ற சேறு, நிறையப் புழு பூச்சி. அதற்கு வேண்டியது அவ்வளவே. சாக்கடை கலந்த தண்ணீரில் புழு குறையாது, கூடத்தான் செய்யும். நம்மூர்ச் சாக்கடைத் தேக்கங்களிலும் இது நிற்பதைச் சேலத்துக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பீர்கள். சேர்வராயன் மலையில் பிறக்கிற நம் திருமணிமுத்தாறு சேலத்துக்குள் நுழைந்து வெளியே வரும்போது என்ன நிறத்தில் வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அந்த மாதிரித் தண்ணீரிலும் சிவப்புக் காலை வைத்து நிதானமாக நடக்கக்கூடிய பறவை இது. இதைக் காட்டி "சுத்தம்" என்று சான்றிதழ் கொடுப்பது, வீட்டில் காக்கா உட்கார்ந்தது, அதனால் விருந்தாளி வந்தாயிற்று என்று இலை போடுவது மாதிரி. தண்ணீர் சுத்தமா என்று தெரிய வேண்டுமா, பாட்டிலில் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். நம் மாணவர்களிலேயே அந்தப் படிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு இந்தப் பறவை எதற்குத்தான் சாட்சி? ஏரிக்கு இன்னும் ஒரு சாண் ஓரம் மிச்சம் இருக்கிறது என்பதற்கு. அதற்கு மட்டும். நான் சொல்ல வந்தது இதுதான். இனி நாலாவது தப்புக்கு, அந்தக் கம்ப்யூட்டர் படத்துக்கு வருகிறேன்.

நம் பெரியவர்கள் கட்டிய ஏரி குளியலறைத் தொட்டி இல்லை. ஒரு பக்கம் கரை, மதகு, கலிங்கு. அந்தப் பக்கம் ஆழம். எதிர்ப்பக்கம், மலையிலிருந்து தண்ணீர் வருகிற மேட்டுப்பக்கம், கைவிரித்த மாதிரிப் படிப்படியாகச் சரிந்து வரும். மழைக்காலத்தில் தண்ணீர் அங்கே ஏறும், மாசி பங்குனியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். அப்படிப் பின்வாங்கும்போது தினமும் ஒரு புதிய ஈர விளிம்பு வெளிப்படும். அந்த விளிம்பில்தான் மாடு தண்ணீர் குடிக்கும், ஆடு புல் மேயும், ஆள்காட்டி முட்டையிடும், உள்ளான் நடக்கும். தமிழ்நாட்டில் இப்படி 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இந்தச் சரிவுதான் உயிர்.

படத்தில் இருப்பது என்ன? சுற்றிலும் ஒரே உயரத்தில் செங்குத்துக் கரை, அதன்மேல் நடைபாதை, உள்ளே எல்லாப் பக்கமும் ஒரே ஆழம். மேட்டுப்பக்கச் சரிவையே காணோம். படகு விட ஆழம் வேண்டும், படகு தரைதட்டக் கூடாது, அதனால் சரிவைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். ஒரு சாண் தண்ணீர் இருந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழம். அதன் பிறகு உள்ளான் வந்து எங்கே நிற்கும், கைப்பிடிக் கம்பியின் மேலா? பின்விரல்கூடக் கிடையாதே!

ஏற்காடு ஏரிக்கு எல்லாரும் போயிருக்கிறீர்கள். படகு உண்டு, கம்பி உண்டு, கரையோரம் பஜ்ஜிக் கடை உண்டு. நானும் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன், படகில் உட்கார்ந்து சிரித்த போட்டோவும் இருக்கிறது. அது சுற்றுலா ஏரி, அதன் தொழில் அது. அங்கே ஒரு தடவைகூட நான் நெடுங்கால் உள்ளானைப் பார்த்ததில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. மலைமேல் ஒன்று இருக்கிறதே, போதாதா? அடிவாரத்து ஏரியையும் அதே அச்சில் வார்க்க வேண்டுமா? உள்ளானை விளம்பரத்துக்கு வைத்து, உள்ளான் நிற்க முடியாத ஏரியைக் கட்டப் போகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் படத்தைப் போட்டுவிட்டு மண்டபத்துக்குள் விடாமல் நிறுத்துகிற கதை.

பறவைக்காக மட்டும் நான் இதைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோடை விடுமுறை வந்தால் தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் ஒரு செய்தி தவறாமல் வரும்: ஏரியில் குளிக்கப் போன சிறுவர்கள் மண் அள்ளிய பள்ளத்தில் மூழ்கிப் பலி. ஊரும் எண்ணிக்கையும் மாறும், செய்தி மாறாது. சரிவான ஏரியில் குழந்தை இறங்கினால் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று தண்ணீர் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே வரும். வெட்டிய பள்ளத்தில் அடுத்த அடியே கழுத்துக்கு மேல். ஒரு சாண் ஓரம் உள்ளானுக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு உங்கள் பிள்ளைக்கும் முக்கியம். நான் பாடம் நடத்திய பிள்ளைகளில் ஒருவன் அப்படிப் போனவன். எந்த ஏரி, எந்த வருஷம் என்று எழுத மனம் வரவில்லை. அவன் அம்மா இந்தக் குழுவில் இருக்கிறாள்.

இனி உங்கள் எதிர்க்கேள்விகள். எல்லாம் ஏற்கெனவே போனில் வந்துவிட்டன.

"விவசாயத்துக்குத் தண்ணி வேண்டாமா பெரியம்மா? தூர்வாரக் கூடாதுன்னு சொல்றீங்களா?" தூர்வார வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? 2017இல் குடிமராமத்து என்று பழைய பெயரிலேயே அரசு வேலையைத் தொடங்கியபோது சந்தோஷப்பட்டவள் நான். வண்டல் வயலுக்குப் போகட்டும், நல்லது. கரைப்பக்கம், மதகுக்கு முன்னால், அங்கேதான் ஆழம் வேண்டும். அங்கே எடுங்கள். மேட்டுப்பக்கச் சரிவைச் சரிவாகவே விடுங்கள். வரத்துக் கால்வாயில் அடைத்துக் கிடக்கிற கருவேலத்தையும் பிளாஸ்டிக்கையும் எடுங்கள். தண்ணீர் வருகிற வழியை அடைத்து வைத்துக்கொண்டு தண்ணீர் நிற்கிற இடத்தை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் பள்ளம்தான் கிடைக்கும்.

"கன்னங்குறிச்சி மூக்கனேரியில் செஞ்சாங்களே, அங்க பறவை வரலையா?" வந்தது. நல்ல கேள்வி. 2010இல் சேலம் மக்கள் குழு அங்கே வேலை செய்தபோது தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். எல்லா ஏரிக்கும் அதே வைத்தியம் செல்லாது என்றாலும், மரத்தில் தங்கும் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் அது இடம் கொடுத்தது. கவனியுங்கள், அவர்கள் முதலில் யோசித்தது பறவை எங்கே உட்காரும் என்பதை. இந்தப் படத்தை வரைந்தவர் யோசித்தது செல்ஃபி எடுப்பவர் எங்கே நிற்பார் என்பதை. இரண்டும் ஒன்றா?

"இது அழியப்போற இனமா என்ன, எல்லா இடத்திலும் இருக்கே?" உண்மை. உலக அளவில் இது ஆபத்தில் இருக்கிற இனம் இல்லை. கூசாமல் சொல்கிறேன், நம் ஏரி போனால் நெடுங்கால் உள்ளான் உலகத்திலிருந்து அழியாது. வலசையூர் தாண்டி வேறு ஏரிக்குப் போகும், அங்கேயும் கம்பி போட்டால் அடுத்ததற்குப் போகும். ஆனால் "எல்லா இடத்திலும் இருக்கே" என்று எத்தனை ஏரிக்குச் சொல்வீர்கள்? இதன் சொந்தக்காரப் பறவை ஒன்று நியூசிலாந்தில் இருக்கிறது, உடம்பு முழுக்கக் கறுப்பு. கக்கி என்பது மாவோரிப் பெயர். மனிதர்கள் கொண்டுவந்து விட்ட பூனையும் மரநாய் மாதிரிப் பிராணியும் முட்டையைத் தின்றன. ஆற்றுப் படுகைகள் மாறிப்போயின. 1981இல் எண்ணிப் பார்த்தபோது மிச்சம் 23 பறவை. அன்று முதல் இன்று வரை அரசாங்கம் முட்டையை எடுத்து அடைகாக்கும் பெட்டியில் பொரித்து வளர்த்து விட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு சாண் ஓரத்தைச் சும்மா விட்டுவைப்பது செலவில்லாத வேலை. போன பிறகு திரும்பக் கொண்டுவருவதற்கு ஆகிற செலவை அந்த நாட்டைக் கேட்க வேண்டும்.

"அத்தை, எதுக்கெடுத்தாலும் குறை சொல்றீங்க. ஊருக்கு நாலு காசு வரட்டுமே." இது வீடியோ போட்டவன். மருமகனே, வரட்டும். கரைப்பக்கம் ஏற்கெனவே மண் பாதை இருக்கிறது. அதைச் சமன்படுத்து, இரண்டு புங்கமரம் நடு, உட்காரக் கல் போடு, டீக்கடை வை. கரைமேல் நின்று எதிர்ப்பக்கச் சரிவில் உள்ளான் நடப்பதைப் பார்க்கிற மாதிரி ஒரு நிழல் கூரை போடு. பைனாகுலர் வாடகைக்குக் கொடு. பொங்கல் சமயத்தில் 2015 முதல் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, சேலத்தில் அதற்கென்றே சலிக்காமல் ஏரி ஏரியாகச் சுற்றும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடு. ஏற்காடு போகிற வண்டி நிற்கும். இருநூறு அடி நடைபாதையை ஏரியின் நாலு பக்கமும் இழுக்க வேண்டிய அவசியம் என்ன? காண்டிராக்ட் தொகை கூடும் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்தால் எனக்கும் சொல், தெரிந்துகொள்கிறேன்.

ஊரில் நாய் தொல்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏரி ஓரத்தில் கோழிக்கழிவைக் கொட்டுகிறவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கழிவுக்கு வருகிற நாய்தான் முட்டையையும் குஞ்சையும் முடிக்கிறது. இதற்குத் திட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். கொட்டாமல் இருந்தால் போதும். கோழிக்கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் இருவரும் இதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை. இந்த மாதம் பார்ப்பேன்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளுக்குக் கிராம சபை கூடும். எழுத வேண்டிய தீர்மானம் பெரியதில்லை. மேட்டுப்பக்கச் சரிவைத் தோண்டக் கூடாது. அந்தப் பக்கம் கான்கிரீட் கூடாது. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை ஏரிக்குள் இயந்திரம் இறங்கக் கூடாது, அவசியமானால் மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும். தண்ணீரை ஆய்வுக்கு அனுப்பி முடிவை ஊர்ப் பலகையில் ஒட்ட வேண்டும். நாலு வரி. கோவிலுக்கு எதிர்த்தாற்போல் இருக்கிற என் வீட்டில் பேப்பர் தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போட வருகிறவர்கள் காலை பத்து மணிக்குள் வாருங்கள், அதன் பிறகு நான் தூங்கிவிடுவேன். பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறவர்கள் உங்கள் அப்பா அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், ஓட்டு அவர்களிடம்தான் இருக்கிறது. பொதுப்பணியில் இன்ஜினியராக இருக்கும் 1998 பேட்ச் தம்பி, அந்தப் படத்தில் ஏரியின் ஆழம் எத்தனை மீட்டர் என்று போட்டிருக்கிறது, கரையின் சரிவு என்ன என்று பார்த்து எனக்குப் புரிகிற தமிழில் எழுதி அனுப்பு. உன் கையெழுத்து அன்றைக்கே படிக்க முடியாது, டைப் செய்து அனுப்பு.

வீடியோவை எடுத்தவனுக்கு: அந்த வரியை மாற்றிப் போடு. "நெடுங்கால் உள்ளான். நம்ம ஊர்ப் பறவை. மேட்டுப்பக்கம் நிற்கிறது."